கூடுதலாக ஓர் இலை

கேள்வி: எனக்கு வயது 66. சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். இதையெல்லாம் ஒரு பிரச்சினை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு படத்தால் வந்த மனக்கஷ்டம்.

1985 வாக்கில் ‘காசாபிளாங்கா’ என்ற ஆங்கிலப் படத்தை வாடகை வீடியோ கேசட்டில் பார்த்தேன். போர்க்காலக் காதல் கதை. ஜெர்மன்காரன் முகாமில் கணவன் செத்துவிட்டான் என்று நம்பி, பாரிஸில் ரிக்கைக் காதலிக்கிறாள் இல்சா. கணவன் உயிரோடு இருப்பது தெரிந்ததும், ரிக்கை ரயில் நிலையத்தில் மழையில் காக்கவைத்துவிட்டு ஒரு கடிதத்தோடு போய்விடுகிறாள். கடைசியில் ரிக்கே அவளைக் கணவனோடு விமானம் ஏற்றி அனுப்புகிறான். அன்று அப்படி அழுதேன். போன மாதம் மகன் டிவியில் போட்டுக் கொடுத்தான். இந்த முறை எரிச்சல்தான் வந்தது. இனி உன்னை விட்டு ஓட முடியாது என்று இவனிடம் சொல்கிறாள். அப்புறம் அவனோடு கிளம்பிவிடுகிறாள். என்ன பெண் இவள்?

என் மனைவியிடம் சொன்னால், “படம்தானே, விடுங்க” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். 34 வருஷமாக இப்படித்தான், என் பேச்சு அவள் காதில் ஏறாது. கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனும் ஜொகூரில் இருக்கும் அக்காவும் அம்மாவை என் தலையில் கட்டிவிட்டுத் தீபாவளிக்கு மட்டும் முகம் காட்டுவார்கள். அம்மாவுக்கு 97. மறதி நோய். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது, வேறு யார் பெயரையோ சொல்லி “பசியாறிட்டியா?” என்று கேட்கிறார். அப்பாவுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு கல்யாணம் நடந்ததாம், ஜப்பான்காரன் காலத்தில் அந்த ஆளைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பிடித்துக்கொண்டு போனார்களாம். சின்னம்மா இப்போதுதான் சொன்னார். சாயங்காலமானால் “ரயில் வந்துருச்சா?” என்று கேட்பார் அம்மா. அந்த ஆள் செத்து எண்பது வருஷமாச்சு என்று சொன்னால் அழுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். அதை விடுங்கள், வயசுக் கோளாறு.

அப்பாவைப் போல ஒரு மனிதர் கிடையாது. ஆடி அமாவாசைக்குத் தாத்தா பாட்டிக்குப் படைக்கும்போது ஓர் இலை கூடுதலாகப் போடச் சொல்வார். பேர் தெரியாதவங்களுக்கும் பசிக்கும் என்பார். 1998-ல் போய்ச் சேர்ந்தார். இருக்கட்டும், நான் கேட்க வந்தது இதுதான்: பிடித்த படம் வயதானால் ஏன் இப்படிக் கசந்துபோகிறது? என் மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் மனைவியை விட்டுவிடுங்கள். அவர் சொன்னதில் தப்பில்லை, படம்தான். அண்ணனையும் அக்காவையும் பற்றி இன்னொரு நாள் பேசலாம். நீங்கள் “அதை விடுங்கள்” என்று தாண்டிப் போன இடத்திலேயே நான் நின்றுவிட்டேன்.

அந்தப் படம் நியூயார்க்கில் முதலில் திரைக்கு வந்தது 1942 நவம்பரில். மலாயா அப்போது ஜப்பானியர் கையில். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரை வண்டி வண்டியாக ஏற்றிப் போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அங்கே கைதிகளாக வேலை செய்து செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குச் சயாமின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் வெட்டியிருக்கும். நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை. இல்சாவுக்காவது கணவன் செத்துவிட்டான் என்று ஒரு சேதி, பிறகு இல்லை, இருக்கிறான் என்று ஒரு சேதி வந்தது. உங்கள் அம்மாவுக்கு இரண்டும் வந்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்தச் சேதியை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். அதுவும் தினமும். உங்களுக்கு அது பழைய செய்தி. சொன்னது மனதில் தங்காத அவருக்கோ ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி. தினம் சாயங்காலம் அவர் புதிதாகத் தாலி அறுக்கிறார் ஐயா. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். ஆனாலும் கோபத்தில்தான் சொல்கிறீர்கள். இன்றோடு அதை நிறுத்துங்கள். மறதி நோயில் நேற்று நடந்தது முதலில் போகும், சின்ன வயதில் பதிந்தது கடைசிவரை நிற்கும். அந்தப் பெயர் மிஞ்சியிருப்பதால் உங்கள் அப்பாவுக்கு அவர் மனதில் இடமில்லை என்று கணக்குப் போடாதீர்கள். கிராணி வேலை பார்த்த கை, எல்லாவற்றையும் பற்று வரவாகப் பார்க்கிறது.

இல்சாமேல் உங்களுக்கு ஏன் அத்தனை கோபம்? அந்த மனிதர் 1946-லோ 1950-லோ திரும்பி வந்திருந்தால் அம்மா யாரோடு போயிருப்பார் என்ற கேள்வி உங்களைக் குடைகிறது என்று நினைக்கிறேன். அப்பாவை ரிக்கின் இடத்தில் நிறுத்தி, விமானம் கிளம்பும் வரை காத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கதையில் அந்த விமானம் வரவே இல்லை. வராத விமானத்தில் அம்மாவை ஏற்றிப் பார்த்து ஏன் கோபப்படுகிறீர்கள்?

அந்த இலைக்கு வருகிறேன். லயத்து வீடுகள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும் பலகைச் சுவர். அம்மாவுக்கு முன்னொரு கல்யாணம் நடந்தது கட்டிக்கொண்ட மனிதருக்கா தெரியாமல் இருந்திருக்கும்? கடைசியாகத் தெரிந்துகொண்டவர் நீங்கள்தான். அந்த இலை யாருக்கு என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘பேர் தெரியாதவர்’ என்று அவர் சொன்னதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த பெயரைத்தான் நீங்களும் எனக்கு எழுதவில்லை. அவர் பெயரைச் சொல்லாவிட்டாலும் சோறாவது போட்டார்.

சின்னம்மாவிடம் போய் அந்த மனிதரைப் பற்றிக் கேளுங்கள். எந்த லயம், பால்மரம் வெட்டினாரா, என்ன வயதில் போனார், எல்லாம். அவரும் போய்விட்டால் கேட்க ஆளில்லை.

நாளைக் காலை அம்மா அந்தப் பெயரைச் சொல்லி “பசியாறிட்டியா?” என்று கேட்டால், “பசியாறிட்டேம்மா” என்று சொல்லுங்கள். நம் வீடுகளில் பெண்டாட்டியையும் அப்படித்தானே கூப்பிடுவோம்.