ஆயரிடம் கேளுங்கள்: ஆஸ்பத்திரி வார்டில் இறையியல் பாடமா?

கேள்வி: என் மகன் இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் பட்டம்) படிக்கிறான். இந்த விடுமுறைக்கு ஆஸ்பத்திரி பயிற்சி. நோயாளிகளோடு பேசியதை வரிக்கு வரி எழுதி, மற்ற மாணவர்கள் முன்னால் வாசிக்கவேண்டுமாம். "குடைந்து எடுக்கிறார்கள் அம்மா" என்று போனில் அழாத குறை. பிரசங்கம் பண்ணக் கற்றுக்கொடுக்காமல் இது எதற்கு ஐயா?
– ஒரு தாய், நாசரேத்

பதில்: குடையட்டும் அம்மா, நல்லதுதான்.

இதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். 1920-இல் அவரே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். குணமானபின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுஸ்டர் மனநல மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கான போதகராகச் சேர்ந்து, 1925 கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே வரவழைத்தார். பகலில் வார்டு உதவியாளர் வேலை. நோயாளிகளையே புத்தகம்போல வாசிக்கவேண்டும் என்றார் அவர்.

உங்கள் மகன் எழுதுவதை வெர்பேட்டிம் என்பார்கள். நோயாளியின் உண்மைப் பெயர் அதில் இருக்காது. அவர் சொன்னது, இவர் சொன்னது, அப்போது இவர் மனதில் ஓடியது, அவ்வளவுதான். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பியின் தாளில், ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் அம்மா ஒருவர், "சின்னவளுக்குப் பரீட்சை நடக்குது, அவங்க அப்பாவுக்கு உலை வைக்கக்கூடத் தெரியாது" என்கிறார். நம் ஆள் உடனே, "கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஜெபிப்போமா?" நீண்ட, அழகான ஜெபம், அதில் சின்னவளைக் காணோம். "ஏன் அந்த இடத்தில் ஜெபத்துக்குப் போனீர்கள்?" என்று கேட்டேன். முதலில் கோபப்பட்டார். அப்புறம், "வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை ஐயா" என்றார். மறுமுறை போனபோது பரீட்சையைப் பற்றி விசாரித்திருக்கிறார். அந்த அம்மா வீட்டுக்கதை முழுவதையும் சொல்லி, கடைசியில் தானே ஜெபிக்கச் சொன்னாராம்.

பிரசங்கத்தை வகுப்பிலேயே திருத்திவிடலாம். இதை அங்கே திருத்த முடியாது. மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, குடிசைப்பகுதிகளிலும் கிராமங்களிலும் குடியிருக்க வைத்ததும் இதற்காகத்தான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கேள்வி கேட்கலாம், கேலி கூடாது. கேலி நடந்தால் பயிற்சியாளரிடம் மகனே நேரில் சொல்லட்டும். நீங்கள் போன் போடவேண்டாம்.

கேள்வி: எங்கள் சபைக்கு வார இறுதியில் பயிற்சிக்காக ஓர் இறையியல் மாணவி வருகிறார். ஓய்வுநாள் பள்ளியைக் கொடுத்திருக்கிறோம். வேறு என்ன கொடுக்கலாம்?
– சபைச் செயலாளர், திண்டுக்கல்

பதில்: மாணவராக இருந்திருந்தால் இதற்குள் பிரசங்க பீடத்தில் ஏற்றியிருப்பீர்கள், சரிதானே? 2013-இல் ஆந்திராவின் நந்தியாலில் புஷ்ப லலிதா அம்மா என்ற பெண் போதகர் பேராயராகவே (பிஷப்) ஆகிவிட்டார். நாம் இன்னும் மாணவி என்றதும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அனுப்புகிறோம்.

பிரசங்கம், வீடு சந்திப்பு, அடக்க ஆராதனை எல்லாவற்றுக்கும் உங்கள் ஆயர் அவரை உடன் அழைத்துப் போகட்டும். கமிட்டிக் கூட்டத்திலும் உட்காரட்டும். நாம் சண்டை போடுவதை அவர் பார்ப்பதில் தப்பில்லை, நாளைக்கு அவர் சமாளிக்கவேண்டியது அதைத்தான். ஞாயிறு மதியம் சாப்பிட்டபின் ஆயர் அவரோடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து, "இன்று என்ன பார்த்தீர்கள், எது இடித்தது?" என்று கேட்கவேண்டும். அது நடக்காவிட்டால் உங்களுக்குக் கிடைத்திருப்பது சம்பளமில்லாத உதவியாள். ஆண்டு முடிவில் கல்லூரியிலிருந்து வரும் மதிப்பீட்டுத் தாளிலும் "நல்ல பிள்ளை" என்று எழுதி அனுப்பவேண்டியதுதான்.

பஸ் கட்டணத்தை அவராகக் கேட்கமாட்டார். சனிக்கிழமை வந்ததுமே கையில் கொடுத்துவிடுங்கள்.