கால் பூ

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மனைவி, மகளுடன் நான்கு நாள் லிஸ்பன் போய் வந்தேன். 28-ஆம் எண் டிராம், பெலேம் கோபுரம், ஜெரோனிமோஸ் மடாலயம், சான்டா ஜுஸ்டா லிஃப்ட் எல்லாம் பார்த்தாயிற்று. பெலேமில் புகழ்பெற்ற முட்டை அப்பத்துக்காக முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். அத்தனை பேச்சுக்குத் தகுந்ததாக இல்லை. ஓர் உணவகத்தில் நாங்கள் கேட்காமலேயே ரொட்டியும் ஆலிவ் காயும் வைத்துவிட்டு, பில்லில் சேர்த்து ஏமாற்றினார்கள். ஒரே ஆறுதல், சனிக்கிழமைச் சந்தையில் பன்னிரண்டு யூரோவுக்குக் கிடைத்த பழைய நீல டைல். பின்பக்கம் காரைகூட ஒட்டியிருக்கிறது. அசல்தான்! அடுத்த மே மாதமும் நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. வியன்னா போகலாமா, பிராக் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி வரிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘காரைகூட ஒட்டியிருக்கிறது’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஒரு வாரமாக என் ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் அழைப்போம்) வீட்டுப் பழைய புகைப்படங்களை மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறேன். அந்த நேரத்திலா உங்கள் கடிதம் வர வேண்டும்?

சில்லறைக் கணக்குகளை முதலில் தீர்த்துவிடுவோம். ரொட்டி விஷயத்தில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. போர்ச்சுகலில் அது ஊர் வழக்கம். வேண்டாம் என்று தொடாமல் திருப்பிக் கொடுத்தால் காசு கிடையாது. நீங்கள் சாப்பிட்டீர்கள், கொடுத்தீர்கள். அப்பம் அந்தக் கடையில் 1837 முதல் சுடப்படுகிறது. நீங்கள் நின்றது அநேகமாகக் கட்டி வாங்கிப் போகிறவர்களின் வரிசை. உள்ளே உட்கார்ந்து சாப்பிட டைல் பதித்த பெரிய கூடங்கள் இருக்கின்றன. மேலே பட்டைத்தூள் தூவிக்கொண்டீர்களா? அந்தப் பட்டையைத் தேடி இலங்கை வரை கப்பல் விட்டவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று பாதி வீட்டையே நம் மொழியில் இறக்கிவிட்டுப் போனவர்களும் அவர்கள்தான். சரி, போகட்டும்.

டைலுக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியது ‘ஃபெய்ரா ட லாத்ரா’ சந்தையில் என்று ஊகிக்கிறேன். செவ்வாயும் சனியும் சாந்தா கிளாரா திடலில் கூடுவது அதுதான். லாத்ரா என்றால் திருடி. சந்தையில் எல்லாமே திருட்டுப் பொருள் என்று சொல்லவில்லை. இடித்த வீடுகளிலிருந்து முறையாக வந்தவையும் உண்டு. ஆனால் காரையோடு ஒரு டைல் விற்பனைக்கு வந்தால், எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்க வேண்டாமா? கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். காரையைப் பார்த்ததும் உங்களுக்கு வந்தது சந்தேகம் அல்ல, பெருமை. உளிபட்ட காயத்தைத் தரச் சான்றிதழ் என்று எண்ணியிருக்கிறீர்கள்.

லிஸ்பனில் இது பெரிய நோய். ஆள் இல்லாத வீடுகளின் முகப்பிலிருந்து இரவோடு இரவாக டைல் பெயர்ப்பவர்கள் உண்டு. அதைத் தடுப்பதற்கென்றே 2007-இல் அந்நாட்டுக் குற்றப் புலனாய்வுக் காவல்துறையின் அருங்காட்சியகம் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2017-இல் முகப்பு டைல்களைக் காக்க நாடு முழுமைக்கும் சட்டமும் வந்தது. லிஸ்பனின் பழைய மேட்டுப் பகுதியான அல்ஃபாமாவில் ஏறி இறங்கியிருப்பீர்கள். நீலப் பூக்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் வெறும் சிமென்ட் சதுரங்கள் கண்ணில் பட்டனவா? டிராமுக்குள்ளிருந்து பார்த்திருந்தால் பட்டிருக்காது.

அந்த டைலை இப்போது எடுத்துப் பாருங்கள். ஒரு மூலையில் வளைந்த இதழும் பாதிக் காம்பும் இருக்கும், அவ்வளவுதான். நான்கு டைல் கூடினால்தான் ஒரு பூ முழுமையாகும் என்பதுதான் பெரும்பாலும் அந்தக் கைவேலையின் கணக்கு. நீங்கள் பன்னிரண்டு யூரோவுக்கு வாங்கிவந்தது கால் பூ. மிச்ச முக்கால் எந்தச் சுவரில் நிற்கிறதோ!

அந்தச் சுவர்கள் எப்படி வந்தன என்று தெரிந்திருந்தால் உங்களுக்குக் கை வந்திருக்காது. கோயிலுக்குள்ளும் மாளிகைக்குள்ளும் இருந்த டைல் தெருவுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பிரேசிலில் பொருள் தேடித் திரும்பிய வணிகர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மழைக்கு வீட்டு முகப்பைப் பீங்கானால் மூடும் வழக்கம் கடலுக்கு அப்பாலிருந்து அவர்களோடு வந்தது. ஊர் மெச்ச வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்திருக்கும்.

இது எனக்குப் புதிய கதை அல்ல. என் ஆயா வீடு காரைக்குடிப் பக்கம். ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் வட்டித்தொழில் செய்து கட்டிய வீடு. தூணெல்லாம் பர்மாத் தேக்கு, தரையில் ஆத்தங்குடிக் கல். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி இடுப்பளவுக்கு ஜப்பானிலிருந்து வந்த பீங்கான் கல், பச்சைப் புலத்தில் இளஞ்சிவப்பு ரோஜா. சித்திரை வெயிலில் பிள்ளைகள் நாங்கள் வரிசையாக அந்தச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்போம். ஊஞ்சலை வீசி ஆட்டினால் பித்தளைச் சங்கிலி போய் ஒரு ரோஜாவில் இடிக்கும். பிறை மாதிரி ஒரு கீறல் விழுந்துவிட்டது. கீறியது நான்தான். ஆயா அடிக்கவில்லை, அந்தக் கல்லுக்கு என் பெயரை வைத்துவிட்டார். துடைக்கிற பெண்ணிடம், “அவன் கல்லைப் பார்த்துத் துடை” என்பார்.

ஆயா போனபின் பங்கு பிரிந்தது. பங்காளிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில். வீட்டைப் பராமரிக்க ஆள் இல்லை, பணமும் இல்லை. 1994-இல் பிரித்து விற்றார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவும் கையெழுத்துப் போட்டவர். நிலை, தூண், உத்தரம் என்று லாரி லாரியாகப் போனது.

அதன்பின் ஆறேழு வருடம் கழித்து, காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடை. வெளிநாட்டுத் தம்பதி ஒருவர் மரப்பெட்டியிலிருந்து பீங்கான் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு கல்லைத் திருப்பி, ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கணவருக்குக் காட்டிச் சிரித்தார். நல்ல முகம், பாவம். கீறல் இருந்ததால் அதை மட்டும் கழித்துத் தனியே வைத்துவிட்டார்.

நம் கோயில் சிலையை எவனோ பெயர்த்துப் போனான் என்றால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. வெளிநாட்டு அருங்காட்சியகம் திருப்பிக் கொடுத்தால் மேளம் கொட்டி அழைத்து வருகிறோம். அதே நாம், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரைப் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றிக் கொண்டுவருகிறோம். லிஸ்பனில் சான்டானா என்று ஒரு பட்டறை, 1741-இலிருந்து கையால் டைல் செய்கிறது. அலெக்ரிம் தெருவில் அதன் கடை இருக்கிறது. புதிதாக, முழுப் பூவாக வாங்கியிருக்கலாம். விலை கூடுதல்தான். ஒரு கைவினைஞர் சோறு தின்பார்.

உங்களைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அன்று அந்தத் தம்பதி போனபின், கழித்து வைத்த கல்லைக் கையில் எடுத்தேன். கடைக்காரர் அறுநூறு ரூபாய் என்றார். என் கல் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கீறல் விழுந்த கல்லுக்கு அறுநூறா, நானூறுக்குக் கொடுங்கள் என்றேன். அவர் மறுத்தார். கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வியன்னாவும் பிராகும் ரயிலில் நான்கு மணி நேரத் தொலைவுதான். மே மாதம் இரண்டு ஊரும் நன்றாகத்தான் இருக்கும். ஏதாவது ஒன்றுக்குப் போங்கள்.