முகம் தெரிகிறது, ஆள் யாரென்று வரவில்லை: இது மறதி நோயா?

நாற்பதைத் தாண்டியதிலிருந்து தெரிந்த முகங்களைக் கண்டும் யாரென்று பிடிபடுவதில்லை, இது மறதி நோயின் தொடக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் இல்லை. வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். ஆனால் சென்ற மாதம் இதே சங்கடத்தில் நானும் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை, பம்பலப்பிட்டி கதிரேசன் கோவில். வேட்டி சால்வையோடு எதிரே வந்த ஒருவர் சிரித்து, "அம்மா எப்படி, சுகமா?" என்று கேட்டார். "சுகம், சுகம்" என்றேன். ஆளை எனக்கு நன்றாகத் தெரியும், அதில் துளிச் சந்தேகமும் இல்லை. ஆனால் யார்? தூரத்து உறவா, மாணவர் யாருடையவாவது தகப்பனா, பழைய அயலவரா? ஒன்றும் வரவில்லை. அவர் கையிலிருந்த விபூதியைக் கடதாசித் துண்டில் கொட்டி, இரண்டு மடிப்பு மடித்து, விளிம்பைப் பெருவிரல் நகத்தால் அழுத்தி இழுத்தார். அதைக் கண்டதுதான் தாமதம், எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது: காலி வீதியில் நான் மாதாமாதம் போகும் பார்மசி, கண்ணாடி மேசை, அம்மாவின் பிரஷர் குளிசை, அதைப் போட்டு மடிக்கும் சின்னக் கடதாசிப் பை. பத்து வருடமாக அவரை நெஞ்சுக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன், அதுவும் நீலச் சட்டையில்.

முகப்பழக்கம் என்று நாம் சொல்கிறோமே, அது ஒரு வேலை. எங்கே, எப்போது, யாரோடு என்று மீட்டெடுப்பது இன்னொரு வேலை. 1980இல் ஜோர்ஜ் மான்ட்லர் என்ற உளவியலாளர் என் கதையைப் போன்ற ஒன்றைத்தான் உதாரணமாக எழுதினார்: பஸ்ஸில் காணும் தெரிந்த முகம், வெகுநேரம் யோசித்த பிறகு, கடையில் இறைச்சி வெட்டுகிறவர் என்று பிடிபடுகிறது. கடையிலேயே கண்டிருந்தால் யோசிக்கவே வேண்டியிருக்காது.

இரண்டு வேலையும் மூளையின் பக்கவாட்டுச் சோணையின் உட்புறத்தில், காதுக்கு நேர் உள்ளே என்று சொல்லக்கூடிய பகுதியில், பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. அங்கே பெரிரைனல் மேற்பட்டை என்று ஒரு துண்டு இருக்கிறது. புதிய பொருளைக் கண்டால் அங்குள்ள நரம்புக்கலங்களில் பல உரத்துத் துடிக்கும். அதே பொருளை மறுபடி கண்டால் துடிப்பு குறையும். குரங்குகளில் இதை நேரடியாக அளந்திருக்கிறார்கள். இந்தத் தணிவே "இதை முன்பு கண்டிருக்கிறேன்" என்ற உணர்வுக்கு அடிப்படை என்று கருதுகிறார்கள். வீட்டு நாய் தெரிந்தவரைக் கண்டு குரைக்காமல் இருப்பதைப் போல: குரைக்கவில்லை என்பதை வைத்து வந்தவர் தெரிந்தவர் என்று அறியலாம், பெயரை அறிய முடியாது.

பெயரும் இடமும் பக்கத்திலேயே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பொறுப்பு. பெரிரைனல் பகுதியிலிருந்து ஆளும் பொருளும், பாராஹிப்போகாம்பல் மேற்பட்டையிலிருந்து இடமும் சூழலும் அங்கே வந்து ஒரே முடிச்சாகக் கட்டப்படுகின்றன. பிறகு முடிச்சின் ஒரு நுனி அகப்பட்டால் போதும், மிச்சமெல்லாம் இழுபட்டு வரும். எனக்கு அகப்பட்ட நுனி அந்த நகம்.

தலையில் மின்வாய் பொருத்தி அளந்தாலும் இரண்டும் பிரிந்தே தெரிகின்றன. பரிச்சயத்தோடு, அதாவது முகப்பழக்கம் போன்ற உணர்வோடு, சேர்த்துப் பேசப்படும் அலை சுமார் 300 முதல் 500 மில்லிசெக்கனுக்குள் முன்பக்கமாக எழுகிறது. மீட்டெடுப்பின் அலை 500 முதல் 800 மில்லிசெக்கனில், பின்னால் இடப்பக்கமாக.

இன்னும் பலமான சான்று நோயாளிகளிடமிருந்து வந்தது. ஆய்வுகளில் ஜோன் என்று அழைக்கப்படுபவருக்குச் சிறுவயதிலேயே இரண்டு ஹிப்போகாம்பஸும் சுருங்கிவிட்டன. காலையில் நடந்ததை மாலையில் சொல்ல முடியாது, ஆனால் காட்டிய படங்களை முன்பு கண்டவை என்று அடையாளம் காண்பதில் ஏறக்குறைய எல்லோரையும் போலத்தான். கனடாவில் 2007இல் இதற்கு நேர்மாறான ஒருவரைப் பற்றி எழுதினார்கள்: வலிப்புக்கான சத்திரசிகிச்சையில் பெரிரைனல் பகுதியில் பெரும்பங்கு போய், ஹிப்போகாம்பஸ் தப்பியது. அவருக்கு மீட்டெடுப்பு சரியாக இருந்தது, பரிச்சயம் பழுதாகியிருந்தது. எனக்கு இந்த ஜோடியைவிட நல்ல வாதம் தெரியாது. ஆனாலும் இந்தப் பகுதிகளுக்கிடையே காணும் வேறுபாடு நினைவின் பலம், பலவீனத்தால் வருவதுதான் என்று லாரி ஸ்குவயர், ஜோன் விக்ஸ்டட் போன்ற நினைவு ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள்.

வகுப்பில் இதைத் தினமும் பார்க்கிறேன். குறிப்பை நான்கு தரம் வாசித்துவிட்டு "தெரியும் டீச்சர்" என்பார்கள். கொப்பியை மூடிவிட்டுக் கேட்டால் வாய் திறக்காது. பல்தேர்வு வினாவில் இன்னும் மோசம்: எங்கோ வாசித்த சொல் தவறான விடையில் இருந்தால், தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் அதற்கே கோடு போட்டுவிட்டு வருவார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வயது போகப் போக மீட்டெடுப்பு தளர்வதும் முகப்பழக்கம் பெரும்பாலும் தாக்குப்பிடிப்பதும் வழக்கம். வழமையான இடத்துக்கு வெளியே கண்ட ஆளைப் பிடிக்காமல் விடுவது மாணவர்களுக்கே நடக்கிறது. பழகிய வீதியே புதிதாகத் தெரிகிறது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்று வீட்டில் இருப்பவர்கள் கவனித்தால், இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

அடுத்த மாதம் பார்மசிக்குப் போனபோது, அன்று ஆளைப் பிடிக்கவில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். குளிசைப் பையை மடித்து நகத்தால் இழுத்துக்கொண்டே சிரித்தார். "எனக்கும் பிடிபடவில்லை டீச்சர். இந்த மேசைக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் அம்மாவுக்குத்தான் மருந்து எடுக்கிறார்கள். அதுதான் அப்படிக் கேட்டு வைத்தேன்."