கேள்வி – பதில்: இயக்கமும் கட்சியும்

கேள்வி: மக்கள் இயக்கங்களின் தோளில் ஏறி ஆட்சிக்கு வரும் இடதுசாரிக் கட்சிகள், பிறகு அவ்வியக்கங்களையே கைவிடுவது ஏன்?

பதில்: ‘கைவிடுதல்’ என்ற சொல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. தென்னமெரிக்க நாடான பொலிவியாவை எடுத்துக்கொள்வோம். 2000-இல் கோச்சபம்பா நகரில் குடிநீர் தனியார்மயத்தை எதிர்த்து எழுந்த போராட்டமும், 2003-இல் எரிவாயுவுக்காக மூண்ட கிளர்ச்சியும், கோகா என்னும் இலைப்பயிரை வளர்ப்போர் சங்கங்களின் நெடுநாள் உழைப்பும் சேர்ந்துதான், 2005 அதிபர் தேர்தலில் இடதுசாரித் தலைவர் ஈவோ மொராலெசை வெற்றிபெறச் செய்தன. அதே மொராலெஸ் அரசு, பழங்குடியினரின் வாழிடமான திப்னிஸ் வனப்பகுதியின் ஊடாக நெடுஞ்சாலை அமைக்க முற்பட்டபோது, 2011 ஆகஸ்டில் திரினிதாத் நகரிலிருந்து அரசின் இருப்பிடமான லா பாஸ் நோக்கிப் பழங்குடியினர் நடக்கத் தொடங்கினர். செப்டம்பர் 25 அன்று காவல்துறை அவர்களைத் தாக்கியது. பாதுகாப்பு அமைச்சர் அதைக் கண்டித்துப் பதவி விலகினார். நடைபயணம் நிற்கவில்லை; அக்டோபரில் லா பாஸ் நகரை அடைந்தது, அரசும் பணிந்து அவ்வனத்தைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. 2017-இல் அந்தப் பாதுகாப்பு விலக்கப்பட்டது வேறு கதை.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, அந்தச் சாலையைக் கேட்டவர்களும் ஓர் இயக்கத்தினரே என்பதுதான்: மொராலெஸ் தலைமையேற்று வளர்த்த கோகா விவசாயிகள். ஆக, கட்சி இயக்கங்களைக் கைவிட்டது என்பதைவிட, மோதிக்கொண்ட இரண்டில் தனக்கு நெருக்கமானதன் பக்கம் சாய்ந்தது என்பதே பொருத்தம். பிரேசிலின் நிலமற்ற தொழிலாளர் இயக்கமோ, தேர்தல்களில் தொழிலாளர் கட்சித் தலைவர் லூலாவை ஆதரித்தபோதும் தன் அமைப்பை அக்கட்சியோடு கரைத்துக்கொள்ளவில்லை. அவரது ஆட்சியிலும் தரிசு நிலங்களில் புகுந்து கூடாரமடித்தது.