ராத்திரி கால் கடுப்பு, காலைல ஓட்டம்: பிள்ள நடிக்கானா?

குளச்சல்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அஞ்சு வயசுப் பையன், வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி "அம்மா கால் கடுக்கு"ன்னு அழுதுட்டு எழும்புதான், தடவிக் குடுத்தா உறங்கிருவான், காலைல பாத்தா கடப்புறத்துல ஓடுதான். செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட, சும்மா நடிக்கான்னு மாமியார் சொல்லுதாங்களாம்.

நடிக்கல்லம்மா. நல்லா உறங்கிட்டு கெடக்க பிள்ள நடிக்கதுக்காக எழும்பாது. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா இது க்ரோயிங் பெயின், அதாவது வளர்ச்சி வலி மாதிரி தெரியுது, 3 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் நெறைய பிள்ளைகளுக்கு வரும், பேருதான் அப்படி, வளர்றதாலதான் வலிக்குன்னு யாரும் நிரூபிச்சதில்ல. காலைல ஓடுதான்ங்கதால ராத்திரி வலிச்சது பொய்யாகாது.

அடுத்த தடவ அழும்போது "எங்க மக்கா வலிக்கு, ஒரு விரல வச்சு காட்டு"ன்னு கேளுங்க. ரெண்டு காலையும் கெண்டைச்சதை, தொடை, முட்டுக்குப் பின்னாடின்னு கையால தடவிக் காட்டுனா, நீங்க அமுக்கிவிடும்போது சொகமா இருக்குன்னு கால நீட்டுனா பயப்படாண்டாம். ஒரே காலு, ஒரே எடம், தொடவே விடாம கால இழுக்கான்னா அது வேற.

டாக்டருங்க நாங்களே இதுல பெரிய தப்பு பண்ணிருக்கோம். பச்சப்பிள்ளைக்கு வலி அவ்வளவா தெரியாதுன்னு சொல்லி 1980கள் வரைக்கும் சரியா மயக்கம் குடுக்காமலே ஆபரேஷன் பண்ணிருக்காங்க, 1987ல ஆனந்த், ஹிக்கின்னு ரெண்டு டாக்டருங்க எழுதின கட்டுரைக்கு அப்புறந்தான் அந்த நெனப்பு மாற ஆரம்பிச்சுது. அத நெனச்சா இப்பவும் மனசு கேக்காது, அதனாலதான் நடிக்கான்ங்க வார்த்தைய வீட்டுல சொல்லாதீங்கன்னு கெஞ்சிக் கேக்கேன், நாளைக்கு நெசமா பெருசா ஏதாவது வந்தாலும் பிள்ள வாய தொறக்காது.

தேங்காண்ணெய் லேசா சூடாக்கித் தடவுங்க, வெதுவெதுப்பா ஒத்தடம் குடுங்க. ரொம்ப அழுதா பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது 17 கிலோ பிள்ளைக்கு, 5 மில்லில 250 மில்லிகிராம் மருந்து உள்ள சிரப்புல 5 மில்லி. பாட்டில்ல எழுதிருக்கத வாசிச்சுட்டு ஊத்துங்க, 120ம் இருக்கு 250ம் இருக்கு, கைப்பிள்ளைக்குள்ள டிராப்ஸ்ல ஒரு மில்லிக்கு அதவிட மருந்து கூட. பெரியவங்க வலி மாத்திரைய ஒடச்சுக் குடுக்கவே கூடாது. காய்ச்சலும் இருந்தா ஐபுப்ரோஃபென் வேண்டாம், டெங்குவா இருந்தா ஆபத்து.

நொண்டுதான், மூட்டு வீங்கிருக்கு, காய்ச்சல், காலைலயும் வலி, மெலியுதான், வெளிறிப்போறான், அடிபடாமலே உடம்புல கன்னிப்போன தடம், இதுல ஒண்ணு இருந்தாலும் தடவிட்டு இருக்காதீங்க, ரத்தத்துல வர்ற பெரிய நோயும் சில நேரம் கால்வலியாத்தான் தொடங்கும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்துல உள்ள குழந்தை டாக்டரோ, அன்னைக்கே காட்டிருங்க.