கியுங் வா சுங்: அந்த ஆவேசம் எங்க இருக்கு? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

போன மாசம் சிபேலியஸ்ங்கற ஃபின்லாந்து இசையமைப்பாளரோட வயலின் கான்செர்ட்டோ (ஒரு வயலின் சோலோவா, ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்து வாசிக்கிறது) பத்தி எழுதினப்போ கியுங் வா சுங்னு ஒரு கொரிய வயலினிஸ்ட் பேரை ஒரே ஒரு வரில சொல்லிட்டு போயிட்டீங்க. யாருன்னு தேடினேன். அதே கான்செர்ட்டோவ ஆந்த்ரே ப்ரெவின் கண்டக்ட் பண்ண வாசிக்கிற ஒரு பழைய வீடியோ கிடைச்சுது, சின்னப் பொண்ணா இருக்காங்க, வாசிக்க ஆரம்பிச்சதுல இருந்து கண்ண எடுக்க முடியல. முடிஞ்சப்போ ஏன்னே தெரியாம அழுதுட்டேன். எனக்கு வெஸ்டர்ன் கிளாசிக்கல் ஒண்ணும் தெரியாது, வீட்ல கர்நாடக சங்கீதம் ஓடும், அவ்ளோதான்.

அத என் ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன். அவன் முறையா வயலின் கத்துக்கிட்டவன். "இதுல ஆட்டம்தான் ஜாஸ்தி, முட்டிய மடக்கி, தலைய ஆட்டி, முகத்த சுளிச்சு... சங்கீதம் காதுக்குத்தானே, அசையாம உக்காந்தே உருக்குறவங்க இல்லையா"ன்னுட்டான். எனக்கு பதில் சொல்லத் தெரியல. நான் அந்த ஆட்டத்த பாத்துதான் மயங்கிட்டேனா? வார்த்தையே இல்லாத ஒரு விஷயத்த அரை மணி நேரம் எப்படிக் கேக்குறது, அடுத்து எத கேக்கணும்னும் சொல்லுங்க.

கே., கோவை

*

அன்புள்ள கே.,

நீங்க அழுததுக்கு காரணம் தேட வேண்டாம், அவங்க வாசிப்பு அப்படித்தான் பண்ணும். உங்க ஃப்ரெண்ட் கேட்டதுக்கு மட்டும் கொஞ்சம் விரிவா பேசலாம், ஏன்னா அது நியாயமான கேள்வி, இந்த அம்மாவ பத்தி ஐம்பது வருஷத்துக்கு மேல பலரும் கேட்டுட்டு இருக்குற கேள்வியும் கூட.

அசையாம வாசிச்சு உருக்குறவங்க நிச்சயம் இருக்காங்க. ஹெய்ஃபெட்ஸ்னு ஒரு பெரிய வயலினிஸ்ட், மேடைல நின்னா முகத்துல ஒண்ணுமே தெரியாது, 1935ல அவர் கண்டக்டர் பீச்சமோட ரெக்கார்ட் பண்ண சிபேலியஸ்தான் இந்த கான்செர்ட்டோவுக்கு ஒரு பெரிய வாசல திறந்து விட்டுச்சு. ஆனா அதனால அசையுறவங்க எல்லாம் நடிக்கிறாங்கன்னு ஆயிடாது. இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. கியுங் வா சுங் 1970ல டெக்கா ரெக்கார்ட் கம்பெனிக்காக அதே ப்ரெவினோட, லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோட ரெக்கார்ட் பண்ண, சாய்கோவ்ஸ்கி கான்செர்ட்டோவும் சிபேலியஸ் கான்செர்ட்டோவும் சேர்ந்த ஆல்பம் இருக்கு, அதுல படம் கிடையாது, வெறும் ஒலிதான், ஸ்டுடியோல வாசிச்சது, கைதட்ட ஒருத்தர் கூட இல்ல. அத ஹெட்ஃபோன்ல போட்டு கண்ண மூடிக் கேளுங்க. வீடியோல பாத்த அந்த ஆவேசம் ஒரு சொட்டு கூட குறையாம அங்க இருக்கும், அப்போ அது முட்டில இருந்தும் தலைல இருந்தும் வரலன்னு உங்க ஃப்ரெண்டுக்கே தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, நம்ம ஆட்கள் உக்காந்துதான் வாசிக்கிறோம், வயலினோட தலை கால் மேல சாஞ்சிருக்கும், இந்தப் பக்கம் நெஞ்சுல பதிஞ்சிருக்கும், வாத்தியத்த தாங்குற வேலை கைக்கு இல்லாததால இடது கை தாராளமா வழுக்கி கமகம் பேச முடியுது. அங்க நின்னு வாசிக்கணும், தாடைக்கும் தோளுக்கும் நடுவுல வயலின், பின்னாடி ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா, மைக்கும் கிடையாது, அத்தன பேரையும் தாண்டி ஒரே வாத்தியத்தோட சத்தம் கடைசி வரிசைக்குப் போய் சேரணும். வலது கையோட எடை தோள்ல இருந்து, முதுகுல இருந்து, கால் ஊனி நிக்கிற இடத்துல இருந்து வில்லுக்கு இறங்குது, உடம்பு சும்மா இருக்காது. அவங்க முட்டிய மடக்கி தாழ நிக்கிறது பெரும்பாலும் வில்லு ஆழமா இறங்குற இடத்துலதான், திரும்ப ஒருவாட்டி பாருங்க.

சரி, ஆவேசம் எங்க இருக்கு? என் பதில், வில்லு தந்திய தொடுற இடத்துல. வில்ல பிரிட்ஜுக்கு (தந்திகள தாங்குற மரத்துண்டு) பக்கத்துல கொண்டுபோய், எடை போட்டு, மெதுவா இழுத்தா ஒலி அடர்த்தியா, ஒரு கூர்மையோட வரும், ஆனா அது ஆபத்தான இடம், இம்மி பிசகினா கீச்சுனு கத்திடும். அதனால நெறைய பேர் கொஞ்சம் தள்ளி, பத்திரமா, வழவழன்னு வாசிப்பாங்க, கேக்க அழகாவும் இருக்கும். கியுங் வா சுங் அந்த ஆபத்தான இடத்துலயேதான் குடியிருக்காங்க. லைவ் ரெக்கார்டிங்கள்ல சில இடத்துல ஸ்வரம் கரகரன்னு உரசுறது கேக்கும், அத குறைன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அந்த உரசல்தான் உயிர். ஒரு வாக்கியத்தோட உச்சிக்குப் போகும்போது அவங்க தனக்குன்னு எதையும் மிச்சம் வச்சுக்கறதில்ல.

இந்த துணிச்சல் சும்மா வரல, பின்னாடி கடுமையான பயிற்சி இருக்கு, உங்க ஃப்ரெண்ட் மாதிரி முறையா கத்துக்கிட்டவங்களுக்கு இது புரியும். 1948ல சியோல்ல பிறந்தாங்க, கொரிய போர் ஆரம்பிச்சப்போ ரெண்டு வயசு. ஏழு பிள்ளைங்க இருந்த வீடு, அக்கா மியுங் வா செல்லோ, தம்பி மியுங் வுன் பியானோ வாசிச்சு அப்புறம் பெரிய கண்டக்டர் ஆனவர், மூணு பேரும் சேர்ந்து சுங் ட்ரியோன்னு வாசிச்சிருக்காங்க. பதிமூணு வயசுல நியூயார்க் போய் ஜூலியார்ட் இசைப்பள்ளில இவான் கலாமியன்கிட்ட சேர்ந்தாங்க. கலாமியன் சாதாரண வாத்தியார் இல்ல, இட்சாக் பெர்ல்மன், பிங்கஸ் சுகர்மன்னு ரெண்டு பெரிய வயலினிஸ்டுகளும் அவர்கிட்ட வளர்ந்தவங்கதான், வில்லோட வேகம், அழுத்தம், தந்தில தொடுற இடம், இந்த மூணையும் பிரிச்சுப் பிரிச்சு பழக்கினவர். நாம ஆவேசம்னு சொல்றதுக்கு அடியில இந்த கணக்கு ஓடிட்டே இருக்கு. 1967ல லெவென்ட்ரிட் போட்டி, அந்தக் காலத்துல அமெரிக்கால அதுக்கு பெரிய மதிப்பு, அதுல முதல் பரிச இவங்களுக்கும் சுகர்மனுக்கும் சேத்துக் குடுத்தாங்க. அப்புறம் ஐரோப்பா போய் ஜோசஃப் சிகெட்டிங்கற மூத்த வயலினிஸ்ட்கிட்டயும் கத்துக்கிட்டாங்க. சிகெட்டி ஒலியோட அழக விட அர்த்தத்த பெருசா நெனச்சவர், அந்த பாதிப்பு இவங்ககிட்ட இன்னைக்கு வரைக்கும் இருக்குன்னு நான் நெனக்கிறேன்.

1970ல லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல பெர்ல்மன் வாசிக்க வேண்டிய கச்சேரிக்கு அவரால வர முடியாமப் போக, பதிலா இவங்கள கூப்பிட்டாங்க. ப்ரெவின் கண்டக்டர், சாய்கோவ்ஸ்கி கான்செர்ட்டோ. வயசு இருபத்திரெண்டு. அந்த ஒரு ராத்திரியோட லண்டன் இவங்கள தூக்கி வச்சுக்கிச்சு, டெக்கா ஆல்பமும் அதே வருஷம் வந்துச்சு. ஒரு விஷயத்த மறக்கக் கூடாது, கிழக்காசியாவுல இருந்து வர்றவங்க விரல் சுத்தமா வாசிப்பாங்க, ஆனா உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு ரொம்ப சுலபமா சொல்லிட்டுப் போன காலம் அது, இன்னைக்கும் அந்தப் பேச்சு முழுசா ஓயல. அப்படிப்பட்ட காலத்துல ஒரு கொரியப் பொண்ணு வந்து, உள்ள இருக்குறத கொட்டி, எல்லாரையும் விட ஆபத்தா வாசிச்சாங்க. இவங்களுக்கு அப்புறம் கொரியாவுல இருந்து எத்தன எத்தன வயலினிஸ்ட் வந்துட்டாங்க, அந்தப் பாதைய வெட்டினவங்க இவங்க. அத நெனச்சா எனக்கு இவங்க மேல இருக்குற மரியாதை இன்னும் கூடுது.

இப்போ நீங்க அழுத அந்த சிபேலியஸுக்கு வரேன். சிபேலியஸுக்கே வயலினிஸ்ட் ஆகணும்னுதான் பெரிய ஆசை, வியன்னா பில்ஹார்மோனிக்ல சேர ஆடிஷன் வரைக்கும் போய் பதட்டத்துல சரியா வாசிக்க முடியாம திரும்பினவர். அவர் எழுதினது இந்த ஒரே கான்செர்ட்டோதான், 1904ல ஹெல்சின்கில முதல்ல வாசிச்சப்போ சரியா போகல, திருத்தி எழுதி 1905ல பெர்லின்ல ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் கண்டக்ட் பண்ண மறுபடி வந்துச்சு, இப்போ நாம கேக்குறது அந்த திருத்தினதுதான். தன்னால வாசிக்க முடியாமப் போன வாத்தியத்துக்கு ஒருத்தர் எழுதினதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கேட்டா அதுல இருக்குற ஏக்கம் வேற மாதிரி கேக்கும்.

ஆரம்பத்த கவனிங்க. ஆர்கெஸ்ட்ராவோட வயலின்கள் மியூட் (சத்தத்த அடக்குற சின்ன கருவி) போட்டு, கேக்குதா இல்லையாங்கற மாதிரி டி மைனர்ங்கற ஸ்வரச் சேர்க்கைல நடுங்கிட்டு இருக்கும். கொஞ்ச நேரத்துலயே சோலோ வந்துடும், நீளமா முன்னுரை எல்லாம் கிடையாது. அது பிடிக்கிற முதல் ஸ்வரம் ஜி, கீழ ஓடுற அந்த சேர்க்கைல இல்லாத ஸ்வரம், அதனாலதான் வந்து நின்ன உடனே மனசுல ஒரு உறுத்தல் வருது. சிலர் இந்த இடத்த குளிரா, வெறும் அழகா வாசிப்பாங்க. கியுங் வா சுங் அங்க சத்தம் போடல, அடக்கித்தான் வாசிக்கிறாங்க, ஆனா அந்த மெல்லிய ஒலிக்குள்ள ஒரு இறுக்கம் இருக்கு, வைப்ரேட்டோவ (தந்தில விரல அசைச்சு ஸ்வரத்த நடுங்க வைக்கிறது) குறுக்கி வச்சு கொஞ்சம் கொஞ்சமா திறந்து விடுறாங்க, என்னமோ நடக்கப் போகுதுன்னு நமக்கு தெரிஞ்சுடுது. உங்க ஃப்ரெண்டுகிட்ட இந்த முதல் ஒரு நிமிஷத்த மட்டும் போட்டுக் காட்டுங்க, அங்க உடம்பு பெருசா அசையல, இருந்தும் எல்லாமே அங்க இருக்கு.

அப்புறம் முதல் மூவ்மெண்ட் (மொத்தம் மூணு பகுதி, ஒவ்வொண்ணும் ஒரு மூவ்மெண்ட்) நடுவுல ஆர்கெஸ்ட்ரா முழுக்க நின்னு போயி சோலோ தனியா வாசிக்கிற கடென்ஸா வரும். பல கான்செர்ட்டோல இது கடைசில வித்தைய காட்ட வர்ற இடம், சிபேலியஸ் இத நடுவுல வச்சு, கருத்த வளக்குற வேலையவே இதுகிட்ட குடுத்துட்டார், அதனால இங்க வேகத்த மட்டும் காட்டினா கட்டடமே சரிஞ்சுடும். இவங்க அங்க மூச்சு விடுற இடங்கள கேளுங்க, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அரை நொடி நிறுத்துறாங்க பாருங்க, அந்த இடத்துல நானும் மூச்ச பிடிச்சுக்கிட்டுதான் ஒவ்வொரு தடவையும் கேக்குறேன். ரெண்டாவது மூவ்மெண்ட்ல கிளாரினெட்டுகளும் ஓபோக்களும் ஜோடியா பேசி முடிச்சதும் வயலின் அடித்தந்தில கனமா பாட ஆரம்பிக்கும், அந்த இடம் அவங்க ஒலிக்குன்னே எழுதின மாதிரி இருக்கும் எனக்கு. மூணாவது சரியான நடனம், அத பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, கேட்டாலே போதும்.

வார்த்தை இல்லாம எப்படிக் கேக்குறதுன்னு கேட்டிருக்கீங்க. வீட்ல ராக ஆலாபனை கேட்டு வளர்ந்தவருக்கு இது பிரச்சனையே இல்ல. ஒரு ராகத்த அரை மணி நேரம் விரிக்கும்போது என்ன அர்த்தம்னு நாம கேக்குறதில்லையே, எங்க போகுது, எங்க நிக்குது, எப்ப திரும்பி வருதுன்னு கூடவே போறோம், அதே மாதிரி போங்க. ஒரே ஒரு வித்தியாசம், இங்க மனோதர்மம் கிடையாது, ஒவ்வொரு ஸ்வரமும் எழுதி வச்சது. எழுதி வச்சத அந்த நிமிஷத்துல தோணின மாதிரி வாசிக்கிறதுதான் இவங்களோட கலை.

இன்னொரு விஷயமும் நீங்க தெரிஞ்சுக்கணும். 2005ல விரல்ல அடிபட்டு மேடைய விட்டு விலகினாங்க, அப்போ ஐம்பத்தேழு வயசு, இனி அவ்ளோதான்னு பலரும் நெனச்சாங்க. ஜூலியார்ட்ல சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 2010ல சியோல்ல அஷ்கெனாசி கண்டக்ட் பண்ண பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோட பிராம்ஸ் கான்செர்ட்டோ வாசிச்சு திரும்பி வந்தாங்க. அப்புறம் பாக்கோட சொனாட்டா, பார்ட்டிட்டா ஆறையும் முழுசா ரெக்கார்ட் பண்ணாங்க, 2016ல வந்துச்சு. துணைக்கு பியானோ கூட கிடையாது, ஒரே ஒரு வயலின், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடும். விரல் பழைய மாதிரி ஓடலன்னு சிலர் எழுதினாங்க. சின்ன வயசு வேகம் இல்லதான், ஆனா அதுல ஒரு பார்ட்டிட்டாவோட கடைசிப் பகுதியா வர்ற சாக்கோன்ல, சோகமான மைனர்ல இருந்து வெளிச்சமான மேஜருக்கு திரும்புற அந்த இடத்த கேட்டுட்டு வந்து சொல்லுங்க, என்னால அங்க குறை கண்டுபிடிக்க முடியல.

அடுத்து எதுன்னா, அந்த 1970 ஆல்பத்துலயே இருக்குற சாய்கோவ்ஸ்கி. அது பழகினதும் ருடால்ஃப் கெம்ப்பே கண்டக்ட் பண்ண இவங்க வாசிச்ச ப்ரூக்கோட ஜி மைனர் கான்செர்ட்டோவும் ஸ்காட்டிஷ் ஃபேன்டசியும், அழகுக்கு அழகு, புதுசா கேக்குறவங்களுக்கு இத விட நல்ல வாசல் இல்ல. அப்புறம் பீத்தோவன், வியன்னா பில்ஹார்மோனிக்கோட கொண்ட்ராஷின் கண்டக்ட் பண்ணது ஒண்ணு இருக்கு, ஆம்ஸ்டர்டாம்ல டென்ஸ்டெட்டோட லைவா வாசிச்சது ஒண்ணு இருக்கு, நான் ரெண்டாவதத்தான் கேக்கச் சொல்வேன். டிம்பனிங்கற பெரிய முரச தட்டி ஆரம்பிக்கும், சோலோ வர மூணு நிமிஷம் போல ஆகும், பொறுமையா இருங்க. பிராம்ஸ ரொம்ப வருஷம் கழிச்சு சைமன் ராட்டிலோட ரெக்கார்ட் பண்ணாங்க, அதுவும் நல்லா இருக்கும். பெர்க் கான்செர்ட்டோ சோல்டியோட வாசிச்சிருக்காங்க, பதினெட்டு வயசுல செத்துப் போன ஒரு பொண்ணோட நினைவா எழுதினது, அத முடிச்ச அதே 1935லயே பெர்க்கும் போயிட்டார், முதல் அரங்கேற்றத்த கூட அவர் கேக்கல. ஆனா அத இப்பவே எடுக்காதீங்க, காது இன்னும் கொஞ்சம் பழகட்டும், பீத்தோவன் முடிச்சதும் எழுதுங்க, அதுக்குள்ள எப்படிப் போறதுன்னு தனியா சொல்றேன்.

அன்புடன்,
அக்கா