கீழக்கரையில் நிற்கும் ஆட்டோமேட்டிக் கார்: 28,000 கிலோமீட்டரில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வி இதுதான்: நீங்கள் துபாயில் இருக்கிறீர்கள். கீழக்கரையில் இருக்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன் டார்க் கன்வெர்ட்டர் வகை (கிளட்ச் மிதிக்குப் பதிலாக, ஆயில் வழியாக இன்ஜின் விசையைக் கடத்தும்) ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கிக் கொடுத்தீர்கள். இதுவரை ஓடியது 28,000 கிலோமீட்டர். கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று விற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பலாமா?

நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள். நான் இராமநாதபுரத்தில் கார் பட்டறை நடத்துகிறேன். இந்தக் கடற்கரையில் கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் கியர்பாக்ஸைக் கணக்கிட்டவர்கள் பெரும் செலவோடு வந்து நிற்பதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனம் பொறுக்காமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிளட்ச் மிதித்து ஓட்டும் காரில் கியர்பாக்ஸ் ஆயிலுக்குப் பல்சக்கரங்களைத் தேயாமல் காப்பதுதான் முக்கிய வேலை. உங்கள் காரில் இன்ஜினின் விசையைக் கியருக்குக் கடத்துவதே ஆயில்தான். உள்ளே கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது, ஆயிலைத் திசைதிருப்பும் வால்வ் பாடி என்ற பாகத்தின் நுண்ணிய துளைகளில் ஓடிக் கியரை மாற்றுவது, சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாம் அதே ஆயிலின் பொறுப்பு. அது சாதாரணமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு. கீழக்கரையின் குறுகிய தெருக்களில் ஊர்ந்து போவதும், ஏசியைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே காத்திருப்பதும் மீட்டரில் ஏறாது, ஆயிலில் ஏறும். காரோடு தந்த கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். வெப்பம், தூசி, அடிக்கடி குறுந்தூர ஓட்டம் ஆகியவற்றைக் கடினமான பயன்பாடு என்று தனியாகக் குறித்து, பராமரிப்பு இடைவெளியையும் பெரும்பாலும் குறைத்திருப்பார்கள். நம் மாவட்டத்தில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில்தான் வரும். பொதுவாக 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது வழக்கம். இங்கே நான்கு ஆண்டுகள் அல்லது 40,000, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதில் மாற்றுங்கள் என்பது என் கருத்து.

இனி, பலரும் யோசிக்காத ஒன்று. பல ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு மெல்லிய உலோகச் சுவருக்கு ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் ஆயில். நம் கரையோர ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருப்பது உங்களுக்குத் தெரியும். கூலன்ட் குறைந்தது என்று அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். டிரைவர் நல்ல எண்ணத்தில்தான் ஊற்றுகிறார். ஆனால் உப்பு அந்தச் சுவரை உள்ளிருந்து அரிக்கிறது. ஒரு நாள் அது ஓட்டையானால் இரண்டும் கலந்து, ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் வெளியே வரும். கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலத்தைத் தண்ணீர் பெயர்த்துவிடும். அதன் பிறகு ஆயில் மாற்றிப் பயனில்லை, கியர்பாக்ஸைக் கழற்றியே ஆக வேண்டும். சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டியது லட்சத்தைத் தொடும். ஆகவே கார் நிறுவனம் சொல்லும் கூலன்ட் ஒரு கேன் வாங்கி டிக்கியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். வாப்பாவிடம் நீங்கள் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

உப்புக் காற்று வெளியிலிருந்தும் வேலை செய்யும். கூலருக்குப் போகும் இரும்புக் குழாய்கள், ஆயில் தொட்டி, வயர் இணைப்புகள் ஆகியவற்றில் துரு ஏறும். மாதக் கணக்கில் ஷெட்டிலேயே நிற்கும் காரையும் அது விடாது. ஒவ்வொரு சர்வீஸிலும் அடிப்பகுதியில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தனுஷ்கோடி போய் வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

தனுஷ்கோடி என்றதும் மணல் நினைவுக்கு வருகிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லாக் கார்களும் அங்கே போகின்றன. சிலர் படம் எடுக்க மணலில் இறக்கிவிடுகிறார்கள். சக்கரம் புதைந்து வண்டி அசையாத நிலையில் ஆக்சிலேட்டரை அழுத்தினால், இன்ஜின் தரும் சக்தி எல்லாம் டார்க் கன்வெர்ட்டருக்குள் சூடாகத்தான் மாறும். கொஞ்ச நேரத்தில் ஆயில் கருகிவிடும். புதைந்தால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மணலை அள்ளுங்கள், டயரில் காற்றைக் குறையுங்கள், நாலு பேரைத் தள்ளச் சொல்லுங்கள்.

ஏஎம்டி கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் இருப்பது சாதாரண கிளட்ச்தான், அதை இயக்குவது மட்டும் இயந்திரம். பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் வாகனங்கள் தேங்கி நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள், கிளட்ச் எரியும். பிரேக்கை மிதியுங்கள்.

ஆயில் மாற்றும் முறைக்கு வருகிறேன். கீழே உள்ள போல்ட்டைக் கழற்றினால் பல கார்களில் ஏறக்குறைய பாதி ஆயில்தான் வெளியேறும், மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். ஆகவே ஒரு முறை மாற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் ஒரு முறை மாற்றுவது நல்லது. கையேட்டில் குறிப்பிட்ட தரக்குறியீட்டு ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும். சிவிடி (கியர்ப் படிகள் இல்லாத வேறு வகை ஆட்டோமேட்டிக்) ஆயிலை உங்கள் காரில் ஊற்றக் கூடாது, உங்கள் கார் ஆயிலைச் சிவிடியிலும் ஊற்றக் கூடாது. அளவையும் குறிப்பிட்ட வெப்பநிலையில், வண்டி சமதளத்தில் நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். கூடினால் நுரைக்கும், குறைந்தால் அழுத்தம் வராது.

சாயல்குடிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இன்ஜின் ஓடாவிட்டால் ஆயில் பம்பும் ஓடாது. சக்கரம் சுழலச் சுழல உள்ளே காய்ந்தே தேயும். இராமநாதபுரத்திலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை வரவழையுங்கள்.

மாற்றும்போது வாப்பாவையோ டிரைவரையோ உடன் நிற்கச் சொல்லி, பழைய ஆயிலையும் போல்ட்டில் அல்லது தொட்டியில் இருக்கும் காந்தத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் இயல்பான தேய்மானம்தான். பளபளக்கும் துண்டுகள் தெரிந்தால் படத்தை இங்கே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.